பக்கத்து அறைப் பெண்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். எத்தனையோ கடிதங்களில் இந்த வரியைக் கை பழகிப்போய் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை பேனாவை நிறுத்தி யோசித்துத்தான் எழுதுகிறேன், நலமாகத்தான் இருக்கிறோம், இரண்டு பேரும் நடக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் நினைப்பு. குழந்தைக்கு இருமல் விட்டதா, ராத்திரியில் காதை மூடித் தூங்க வைக்கிறாயா. போன வாரம் நீ போனில் ஹோட்டல் எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டபோது, ரொம்ப நல்லா இருந்துச்சுடி, மெத்தை மேகம் மாதிரி என்று சொல்லிவிட்டு உடனே குழந்தையின் பல்லைப் பற்றிப் பேச்சை மாற்றிவிட்டேன். மெத்தை மேகம் மாதிரி இருந்தது நிஜம். மற்றதைச் சொல்லவில்லை. அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கம் திருப்பவே இல்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கும்போது பதற வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருடைய உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கும், அதில் எனக்கும் பங்கு உண்டு, அதை யாரிடமாவது முழுதாகச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு ஆறாது.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று நீ ஆசையாக ஏற்பாடு செய்த இடம், அதை முதலில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வெளிக் கேட்டிலிருந்து மாளிகை வரைக்கும் காரிலேயே ஐந்து நிமிடம், இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒரு ஏரி, குதிரை லாயம், கத்தரித்து வைத்த மாதிரி புல். இருநூறு வருஷத்து வீடாம், ஒரே குடும்பம் ஆறு தலைமுறை வாழ்ந்து, கடைசியில் பராமரிக்க முடியாமல் விற்று, இப்போது ஹோட்டல். மாடிப்படியில் அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லாரும் படத்தில் வரிசையாக நின்று, நம் செருப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற மாதிரி இருந்தது. வரவேற்பில் இருந்த பெண், உங்க மகள் எல்லாம் சொல்லியிருக்காங்க என்று சிரித்துக்கொண்டே சாவி அட்டையைக் கொடுத்தாள். கிழக்குப் பக்கம் மாடியில் எங்கள் அறை. அந்தப் பக்கம் நான்கு அறை, இரண்டில் கூரை ஒழுகுகிறது என்று பூட்டி வைத்திருந்தார்கள், மூன்றாவதில் நாங்கள், நான்காவதில் ஒரு இளம் தம்பதி. அறைக்குள் போனதும் நான் முதலில் பார்த்தது திரைச்சீலையைத்தான், என் தொழில் புத்தி எங்கே போகும், கனத்த வெல்வெட், உள்ளே இரட்டை லைனிங், கீழ் மடிப்பு முழுக்கக் கைத்தையல், ஒரு ஜன்னலுக்கு ஒரு ஆள் பத்து நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா பார்த்தது வேறு. சுவரைத் தட்டினார், ஹீட்டர் குழாயைத் தொட்டார், சுவர் ஓரம் பளிங்கில் ஒரு பழைய கணப்பு இருந்தது, நெருப்பு போடுவதில்லை, பித்தளைப் பானையில் காய்ந்த பூ வைத்து அழகுபடுத்தியிருந்தார்கள், அதற்குள் தலையை விட்டு மேலே பார்த்தார். நான் கிளம்பும்போதே அவரிடம் வாக்கு வாங்கியிருந்தேன், இரண்டு நாளைக்கு எதிலும் குறை கண்டுபிடிக்கக் கூடாது, கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று. உனக்குத் தெரியாததா. உன் அத்தை கட்டின புது வீட்டைப் பார்க்கப் போய், மாடிப்படிக் கைப்பிடி பலமில்லை என்று ஆட்டிக் காட்டி, அது கையோடு வந்து, அத்தை மூன்று மாசம் நம்மோடு பேசவில்லை. உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடை ஒயரிங்கைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் பேசப் போய், நீ அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாய். முப்பத்தோரு வருஷம் மில்லில் பாய்லர் பக்கத்தில் நின்ற மனுஷன், எங்கே போனாலும் எது வெடிக்கும், எது விழும் என்றுதான் கண் போகும். நான் அதைச் சகித்துச் சகித்துக் கடைசியில் காது கேட்காத மாதிரி ஆகிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது, குளிர். எல்லா அறைக்கும் ஹீட்டர் போட்டார்கள். படுக்கப் போகும் முன்னால் அப்பா ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்து வைத்தார். சாரல் உள்ளே வந்து அந்தத் திரைச்சீலை நனைகிறது, வெல்வெட் நனைந்தால் கறை போகாது, அவர் கண் அசந்ததும் நான் எழுந்து சாத்திவிட்டேன். காலையில் எழுந்தால் எனக்குத் தலை இரண்டாகப் பிளக்கிற வலி, வாய் கசப்பு, நடந்தால் கால் வேறு எங்கேயோ போகிறது. தலையணை மாறினதால் என்று நினைத்தேன். அப்பாவுக்கும் வலி, ஆனால் அவர் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்தார், கண்ணாடி முழுக்க உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, என்னைப் பார்த்தார், யார் சாத்தினா என்று கேட்டார். நான்தான் என்றேன். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏரிப் பக்கம் போவோம் என்று குடையை எடுத்துக்கொண்டு வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரம் நடந்தோம், தலைவலி மாயமாகப் போய்விட்டது, பாத்தீங்களா காத்துப் பட்டா சரியாயிடுது என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் இன்னும் இறுகிப்போனது. அறைக்குத் திரும்பிக் கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே வலி. உடனே அப்பா குளியலறையிலிருந்து டிஷ்யூ பேப்பரை எடுத்து விரல் அகலத்துக்குக் கிழித்து, கணப்பு முன்னால் மண்டி போட்டு, இரண்டு விரலில் அதைத் தொங்கவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பேப்பர் மெல்ல எங்கள் பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றது. இது மேல இழுபடணும், இல்லேன்னா சும்மா தொங்கணும், இது நம்ம பக்கம் தள்ளுது, கீழ இருந்து எதுவோ இந்த வழியா ரூமுக்குள்ள வருது என்றார். அந்த நேரம் பார்த்துத் துண்டு மாற்ற வந்த பெண்மணி கதவைத் திறந்தாள், அறுபத்தெட்டு வயசு ஆள் காய்ந்த பூவுக்கு முன்னால் மண்டி போட்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அப்பா கீழே போய் வரவேற்பில் சொன்னார். பராமரிப்பு ஆள் ஒருவர் வந்தார், கணப்பைப் பார்த்தார், சார் இது சும்மா அலங்காரம், எரியவே எரியாது என்றார். அப்பா, இது எரியாதுப்பா, கீழ ஏதோ எரியுதுல்ல, அதோட புகை எந்த வழியா போகுது, அதைக் காட்டு என்றார். அந்த ஆளுக்குத் தெரியவில்லை, மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் நல்ல மாதிரிதான், கோட்டு, டை, குரல் ஏறவே இல்லை. பாய்லர் எல்லாம் போன மாசம்தான் சர்வீஸ் பண்ணினோம், விருந்தாளிகளைக் கீழே விட விதி இல்லை, வேற அறை கொடுக்கலாம்னா இன்னைக்கு ஒண்ணுகூடக் காலி இல்லை, நாளைக்குக் காலையில் மாத்தித் தர்றோம் என்றார். அப்பா விடவில்லை. அஞ்சு நிமிஷம் பாய்லரை நிறுத்துங்க, இல்லேன்னா என்னைக் கீழ கூட்டிட்டுப் போங்க என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, சார், இந்த வீடு இருநூறு வருஷமா நிக்குது என்றார். அதற்கு அப்பா, வீடு நிக்கும் சார், உள்ள இருக்கிறவங்களைப் பத்தித்தான் பேசறேன் என்றார். சுற்றி நான்கைந்து விருந்தாளிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் மேனேஜரைப் பார்த்து, நீங்க போங்க சார், அவர் கொஞ்சம் அப்படித்தான், வீட்டுலயும் இதே கதைதான் என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மேனேஜர் முகத்தில் அப்பாடா என்று இருந்தது. அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போய், எங்கள் பக்கத்து அறைத் தம்பதியின் மேஜையில் நின்றார். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாசம், முதல் குழந்தை. புருஷன் துடிப்பான பையன், அவளைக் கொண்டுவந்து கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தான். அப்பா அவர்களிடம், உங்களுக்குத் தலை வலிக்குதாம்மா என்று கேட்டார். அவள் ஆமாம் அங்கிள், நேத்து ராத்திரியிலேருந்து, வாந்தியும் வருது, இந்த மாசத்துல இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் என்றாள். இன்னைக்கு அந்த ரூம்ல இருக்காதீங்க, கீழ ஹால்ல உக்காருங்க, நான் சும்மா சொல்லலை என்று சொல்லிவிட்டு, யார் பதிலுக்கும் காத்திராமல் வெளியே போய் முன் வாசல் முகப்பில் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி. மத்தியானம் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை. என்னையும் மேலே போகாதே என்றார். மகள் ஆசையா அனுப்பியிருக்கா, நீங்க இங்கயே உக்காந்து காவல் காருங்க என்று நான் கோபமாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்ச் சாப்பிட்டேன். நாற்பது வருஷக் கல்யாண நாள், எதிரில் காலி நாற்காலி, பரிமாறுகிறவர் இரண்டு தடவை, சார் வரலையா என்று கேட்டார்.

சாப்பிட்டு எழும்போது அந்தப் பெண் என்னிடம் வந்தாள். புருஷன் லாயத்துக்குக் குதிரை பார்க்கப் போயிருந்தான், மூன்று மணிக்கு எஸ்டேட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள், அதற்கும் அங்கேயிருந்தே போய்விடுவான் என்றாள். அவளுக்குக் கண் சொக்கியது. ஆன்ட்டி, அங்கிள் சொன்னது நிஜமாவே பயப்படற விஷயமா, எனக்குப் படுத்தாப் போதும்னு இருக்கு, கீழ ஹால் சோபாவுல சாயலாமா, இல்லே மேல போகலாமா என்று கேட்டாள். சின்னு, அவள் என்னிடம் கேட்டாள். ஒரு பெரிய மனுஷி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிக் கேட்டாள். நான் அவள் தோளைத் தட்டி, அவர் எங்க போனாலும் அப்படித்தான்மா, நீ கண்டுக்காதே, சோபாவுல எங்க சாய்வே இந்த வயித்தோட, மேல போய் நல்லாப் போத்திக்கிட்டுப் படு என்றேன். அவள் சிரித்தாள். தேங்க்ஸ் ஆன்ட்டி என்றாள். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் கீழே நின்று, பார்த்து ஏறு என்று வேறு சொன்னேன்.

மூன்று மணிக்கு நானும் சுற்றிப் பார்க்கப் போனேன். அப்பா மேல் இருந்த கோபம்தான், இல்லாவிட்டால் மழையில் யார் போவது. பத்துப் பேர், ஆளுக்கு ஒரு குடை, வழிகாட்டி ஒரு நடுத்தர வயதுப் பெண், அந்தக் குடும்பத்துக் கதையெல்லாம் அழகாகச் சொன்னாள். லாயத்தைக் காட்டி, பழைய சலவைக்கூடத்தைக் காட்டி, பின் புல்வெளியில் நிறுத்தி, திரும்பிப் பாருங்க, இந்தக் கூரையில பதினொரு புகைபோக்கி இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு டிசைன் என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். நான் எண்ணினேன், பத்துத்தான் தெரிந்தது. கிழக்குக் கோடியில் இருந்த பதினொன்றாவதன் தலையில் நீலத் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. யாரோ கேட்டார்கள். அது கூரை வேலை நடக்குது, மழை வந்தா உள்ள இறங்கக் கூடாதுன்னு நேத்துக் காலையில கட்டினாங்க, அந்தப் பக்கம் கணப்பு எதுவும் எரியறதில்லையே, அதனால பரவாயில்லை என்றாள். நான் அந்தத் தார்ப்பாயையே பார்த்தேன். நான் பாய்லர் படிக்கவில்லை, ஆனால் நாற்பது வருஷம் ஒருத்தர் சாப்பாட்டு மேஜையில் பேசுவதைக் கேட்காத மாதிரி கேட்டிருக்கிறேன். கீழே எரிகிறது, புகை போக வேண்டும், மேலே வாயைக் கட்டியாயிற்று, வேறு எங்கே போகும். அந்தக் காகிதம் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது கண் முன்னால் வந்தது. குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்த முழங்காலோடு நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு செருப்பு புல்லில் மாட்டிக்கொண்டது, அதையும் விட்டேன்.

முகப்பில் அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது, மேல கட்டியிருக்காங்க, தார்ப்பாய், நம்ம பக்கத்துப் புகைபோக்கியை என்று எப்படியோ சொன்னேன். அவர் எழுந்துவிட்டார். கேட்ட முதல் கேள்வி, அந்தப் பொண்ணு எங்க என்பதுதான். நான் மேலே கையைக் காட்டினேன். நீ போய் பாய்லரை நிறுத்தச் சொல்லு, மாஸ்டர் சாவி வாங்கிட்டு வா, ஆம்புலன்ஸ் என்று சொல்லிக்கொண்டே படியேறிவிட்டார். அவர் சொன்ன மூன்றையும் வரவேற்பில் சொன்னேன், அந்தப் பெண், மேனேஜரைக் கேட்டுட்டு என்று ஆரம்பித்தாள், நான் ஒரு கால் வெறும் காலாக, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டு, வயித்துப் பிள்ளைக்காரி உள்ள கிடக்கறா என்று சொன்னேன், அவ்வளவுதான், அந்தப் பெண் ஒரு கையில் போனோடு இன்னொரு கையில் சாவி அட்டையோடு எனக்கு முன்னால் ஓடினாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டை கதவில் தொங்கியது. அப்பா கதவை அறைந்து அறைந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார், உள்ளே சத்தமே இல்லை. சாவி திறந்தது, உள் சங்கிலி போட்டிருந்தாள். அப்பா நடையில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை எடுத்து மூன்று அடி அடித்தார், சங்கிலி அறுந்தது. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ, உள்ள விடாதே, நான் சொன்னா வெளிய ஓடிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதே உருளையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். அவள் நான் சொன்ன மாதிரியே நன்றாகப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் அவ்வளவு சிவந்து, பூ மாதிரி, நல்ல தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. அப்பா கன்னத்தில் தட்டினார், தலை தொங்கியது. படுக்கை விரிப்போடு சேர்த்து நான் கால் பக்கம், அவர் தலைப் பக்கம், அந்த வரவேற்புப் பெண் நடுவில் பிடித்து, நடையைத் தாண்டிப் படியிறங்கி, வாசல் முகப்பில் மழைக் காற்றில் கொண்டுவந்து கிடத்தினோம். நல்லா இருக்காளே, முகம் நல்லா இருக்கே என்று நான் புலம்பினேன். இந்த நிறத்தை நம்பாதே, இந்த நிறம்தான் மோசம் என்றார் அப்பா. மில்லில் துணி உலர்த்தும் பகுதியில் ஒரு தடவை இப்படி இரண்டு பெண்களைத் தூக்கி வெளியே போட்டார்களாம், அதில் ஒருத்தி எழுந்திருக்கவில்லையாம். இத்தனை வருஷத்தில் அதை அவர் வீட்டில் சொன்னதில்லை, அல்லது சொல்லி நான் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம், அது ஊருக்கு வெளியே இருக்கிற இடம்தானே. அந்த இருபது நிமிடம் அப்பா அவள் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார், மூச்சு வருகிறதா என்று கன்னத்தை அவள் மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு. நான் அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அசைகிறதா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் புருஷன் ஓடி வந்தான், சேற்றில் விழுந்து எழுந்து வந்திருந்தான், யாரையும் ஒன்றும் கேட்காமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸோடு வந்த தீயணைப்புக்காரர்கள், புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவை அளக்கிற ஒரு சின்னக் கருவியோடு மாடிக்குப் போனார்கள், பாதிப் படியிலேயே அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முகமூடி மாட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். அதைப் பார்த்த பிறகு மேனேஜரின் முகம் செத்துவிட்டது. எல்லா விருந்தாளிகளையும் வெளியே கொண்டுவந்து குடையோடு புல்வெளியில் நிறுத்தினார்கள். எங்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் முகமூடி வைத்து நாலு மணி நேரம் ஆக்ஸிஜன் கொடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, மறுநாள் அனுப்பினார்கள், அதனால்தான் சொன்னேன் நாங்கள் நலம் என்று. அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து புதன்கிழமை வரை எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. நீ போன் செய்தது இதற்கு நடுவில், திங்கட்கிழமை. மேகம் மாதிரி மெத்தை என்று சொன்ன அதே நேரம், அவள் கண் திறந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை அவள் புருஷன் கூப்பிட்டான், எழுந்து உட்கார்ந்துவிட்டாள், உங்களைப் பார்க்கணும்கறா என்று. போனோம். மேனேஜரும் அங்கே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார், டை இல்லை, இரண்டு நாள் தாடி. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, அன்னைக்குக் காலையிலேயே நான் உங்களோட கீழ வந்திருக்கணும் சார் என்றார். அப்பா, ஆமா, வந்திருக்கணும் என்றார், வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. மாளிகையைப் பூட்டி விசாரணை நடக்கிறதாம். உள்ளே அவள் மெலிந்து, உதடு வெடித்து, ஆனால் தெளிவாக இருந்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது, ஆனால் பிறந்து பார்த்தால்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் புருஷன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்பாவுக்கு அதெல்லாம் பழக்கமில்லை, கையை எப்படி விடுவிப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு அவளிடம், கோபமில்லை, வருத்தமாகத்தான் கேட்டார், நான் அவ்வளவு சொல்லியும் ஏம்மா அந்த ரூமுக்குப் போனே என்று. அவள் என்னைப் பார்த்தாள். நான் பழப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். பிறகு அவள் அப்பா பக்கம் திரும்பி, தூக்கம் தாங்கலை அங்கிள், யார் சொன்னதும் மனசுல நிக்கலை என்றாள். என்னைக் காப்பாற்றிவிட்டாள். கிட்டத்தட்ட என்னால் செத்துப்போயிருக்க வேண்டியவள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வரும்போது நான் மட்டும் திரும்பிப் போய் அவள் கையைப் பிடித்தேன், மன்னிச்சுடும்மா என்றேன். அவள், மேல போய்ப் படுன்னு யாராவது சொல்லணும்னுதான் எனக்கும் இருந்துச்சு ஆன்ட்டி, அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன் என்றாள். அவள் நல்லதாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், எல்லாம், ஒரு வார்த்தை குறைக்காமல். அவர் சாப்பிட்டு முடித்தார், தட்டைக் கழுவி வைத்தார், சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன், ஒரு தையல் நேராக வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியோடு வந்தார், அந்த வாயு கசிந்தால் கத்துகிற கருவி. ஸ்டூல் போட்டு ஏறி, நடையில் திருகி மாட்டினார், பொத்தானை அழுத்தினார், காது கிழிகிற மாதிரி கத்தியது. இறங்கி ஸ்டூலை மடக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், இனிமே நான் சொல்ல வேண்டாம், இது சொல்லும் என்றார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு அழுதிருப்பேன், தீர்ந்திருக்கும். அதற்கப்புறம் நான்கு நாள் அவர் எதையும் குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார், மாத்திரையை நினைவூட்டினார். சமையலறைக் குழாய் சொட்டியது, அதன் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அப்பா சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார் என்றால் அது என்ன மாதிரி என்று உனக்குத்தான் புரியும்.

இன்று காலை எனக்குப் பொறுக்கவில்லை. குழாய் சொட்டுதே, பாத்தீங்களா என்று கேட்டேன். பாத்தேன் என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன். டீயைக் கீழே வைத்தார். வாஷர் போயிருக்கு, நாலு நாளா என்றார். நான் கையில் இருந்த துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த வீட்டுல வேற என்னெல்லாம் சரியில்லை, சொல்லுங்க, நான் கேக்கறேன் என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். பின்கதவுக் கீல், குளியலறை ஹீட்டரின் வால்வு, மாடி விளக்கின் ஒயர், என் தையல் மெஷின் மோட்டாரில் வருகிற கருகல் வாடை. ஒன்றுகூடக் குறுக்கே பேசாமல் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, என் டீ ஆறிப்போனது, அவர் இன்னும் முடிக்கவில்லை, இப்போது மாடிக்கு ஏதோ காட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

நீ அனுப்பிய இடத்தைப் பற்றி இப்படி எழுதியதற்கு வருத்தப்படாதே, உன் மனசு எங்களுக்குத் தெரியும், தப்பு உன்னுடையது இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று நீயும் தினமும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள். உன் குடும்பம் நோய் நொடி இல்லாமல், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்டுக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குழந்தைக்குப் பாட்டியின் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மறக்காமல் இந்த வாரமே அந்தக் கருவி ஒன்று வாங்கி, குழந்தை தூங்குகிற அறைக்கு வெளியே மாட்டு, மாட்டிவிட்டு எனக்கு எழுது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா